கரீமின் கொக்கி வீச்சு

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இளைஞர்களும் பெற்றோரும் கூடிய அவையில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

கூடைப்பந்து என்றால் அது சீனப்பள்ளித் திடலுக்கு உரியது என்று நம்மிடம் ஒரு நினைப்பு உண்டு. தமிழ்ப்பள்ளிப் பையன் என்றால் பந்து உதைக்க வேண்டும், பெண்பிள்ளை என்றால் வலைப்பந்து. அந்த வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஒரு மனிதரின் வலது கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கரீம் அப்துல் ஜாபார், அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர். பெயரைக் கேட்டால் பக்கத்து மலாய்க் கம்பத்துக்காரர் போலிருக்கும். பிறந்தது நியூயார்க்கில், 1947 ஏப்ரல் 16. பெற்றோர் வைத்த பெயர் ஃபெர்டினாண்ட் லூயிஸ் அல்சிண்டர். இஸ்லாத்தைத் தழுவி, 1971இல் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். உயரம் 218 சென்டிமீட்டர். நம் வீட்டு நிலைவாசலில் குனியாமல் நுழைய முடியாது.

அவ்வளவு உயரம் இருந்தால் யார்தான் போடமாட்டார்கள் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவில் 20 பருவம், 1,560 ஆட்டம், 38,387 புள்ளி. களத்திலிருந்து போட்ட கூடை 15,837. எதிரணி தவறாடியதற்கு ஈடாக, யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ, ஒன்றுக்கு ஒரு புள்ளி, 6,712. கூடையை இரண்டால் பெருக்கி ஃப்ரீ த்ரோவைக் கூட்டுங்கள், 38,386 வரும். ஒரு புள்ளி இடிக்கிறதா? வாழ்நாளில் அவர் போட்ட ஒரே ஒரு மூன்று புள்ளிக் கூடையில் அது இருக்கிறது. அதற்கும் 18 தடவை முயன்றிருக்கிறார்! தூரத்திலிருந்து எறிவது அவர் வேலையே அல்ல. 1984 ஏப்ரல் 5இல் அதுவரை அதிகப் புள்ளி எடுத்திருந்த வில்ட் சேம்பர்லினின் கணக்கைத் தாண்டியபோது எதிரே நின்ற மார்க் ஈட்டன் 224 சென்டிமீட்டர், கரீமைவிட உயரம். அவர் தலைக்கு மேலாகத்தான் பந்து போனது. அந்தச் சாதனையை லெப்ரான் ஜேம்ஸ் முறியடிக்க 2023 பிப்ரவரி வரை ஆனது.

அந்த வீச்சை ஸ்கை ஹூக் என்பார்கள். நாம் கொக்கி வீச்சு என்று வைத்துக்கொள்வோம். எப்படி என்று கவனியுங்கள், தம்பி.

கூடையைப் பார்த்து நின்றால் இடது பக்கம், வளையத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, கூடைக்கு முதுகு காட்டி நிற்பார். பந்தை இரண்டு கையாலும் வாங்குவார். வாங்கிய பந்து நெஞ்சுக்குக் கீழே இறங்காது. தடுப்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதை முதுகாலேயே அறிந்துகொள்வார். பிறகு இடது காலை நடுப்பகுதிக்குள் ஓரடி வைப்பார். பாரம் முழுக்க அந்தக் காலில். வலது முழங்கால் மேலே எழும். இடது தோள் கூடையைப் பார்த்துத் திரும்பும், மடித்த இடது கை வேலி மாதிரி நடுவில் நிற்கும். இப்போது பந்துக்கும் தடுப்பவருக்கும் இடையில் அவர் உடம்பே இருக்கிறது. வலது கை காதை ஒட்டி நிமிர்ந்து, உச்சியில் மணிக்கட்டு மடங்கி, விரல் நுனியிலிருந்து பந்து கிளம்பும்.

உச்சியில் விடுவது அழகுக்காக அல்ல. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம், குறுக்களவு 45 சென்டிமீட்டர். பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 24. மேலிருந்து இறங்கும் பந்துக்கு வளையம் முழு வட்டமாகத் திறந்திருக்கும். தட்டையாக வரும் பந்துக்கு அது ஒடுங்கின பிளவு. முன்விளிம்பில் மோதித் திரும்பிவிடும்.

இதைச் செய்யும்போது பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள்? முதலாவது, பந்தை இடுப்புக்கு இறக்கிவிட்டு மறுபடி தூக்குவது. அந்த அரை நொடியில் குட்டையான பையன்கூடத் தட்டிப் பறித்துவிடுவான். இடது கையை நீட்டித் தள்ளினால் ஊதல் ஊதிவிடும், நம் மேல்தான் ஃபவுல், அதாவது தவறாட்டம். கையைக் காதருகே கொண்டுபோகாமல் பக்கவாட்டில் கவண் மாதிரிச் சுழற்றினால் பந்து இடமும் வலமும் ஓடும். பாரம் ஏறிய இடது கால் இழுபட்டால் அது டிராவலிங், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விதி மீறிக் காலை நகர்த்தும் குற்றம்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. ஆனாலும் உளி பிடித்த கைகள் இந்த அவையில் இருக்கின்றன. இடமிருந்து வலமாகச் சரிவு கலையாமல், பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரத்தில் காயம் விழும். அங்கே பட்டை முடிச்சுமுடிச்சாக வளரும், அப்புறம் உளி ஓடாது. பலத்தால் ஆகிற வேலையா அது? நிரை நிரையாக, இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் ஒரே சரிவில் போய்ப் பழகிய மணிக்கட்டு. கரீமின் மணிக்கட்டும் அந்த ஜாதிதான்.

பழக்கம் சின்ன வயதிலேயே தொடங்கியது. பழைய ஆட்டக்காரர் ஜார்ஜ் மைக்கன் பெயரால் ஒரு பயிற்சி உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பிலேயே அதைப் பிடித்துக்கொண்டார். யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஜான் வூடனிடம் ஆடியபோது, 1967இல், பந்தை வளையத்துக்குள் குத்தும் டங்க்கையே கல்லூரி ஆட்டங்களில் தடைசெய்தார்கள். அவரை அடக்கத்தான் என்று அப்போதே பேச்சு. தடை 1976 வரை நீடித்தது. குத்த முடியாதென்றானதும் மனிதர் கொக்கி வீச்சைத்தான் இன்னும் தீட்டினார். 1967, 68, 69 மூன்று ஆண்டும் கோப்பை யூசிஎல்ஏவுக்கு.

அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. 1974இல் ஆட்டத்தில் யாரோ கண்ணைக் கீறிவிட, கோபத்தில் கூடைக் கம்பத்தைக் குத்திக் கையை உடைத்துக்கொண்டார். 16 ஆட்டம் போயிற்று. அவர் கண்ணாடி மாட்ட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சரி, பாடம் படித்தாரா? 1977இல் முழங்கையால் இடித்த எதிராளியைக் குத்தி, மறுபடி கை முறிவு. பிழைப்பு தரும் கையை ஒருவர் இரண்டு முறையா உடைப்பார்?

மில்வாக்கி அணிக்கு 1971இல் ஒரு கோப்பை, லேக்கர்ஸ் அணிக்கு ஐந்து. அதில் 1985ஐ மட்டும் சொல்கிறேன். வயது 38. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் பாஸ்டனிடம் 148க்கு 114 என்று உதை. கரீம் எடுத்தது 12 புள்ளி, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட் மூன்றே மூன்று. கிழவன் கதை முடிந்தது என்றார்கள். ஆட்டப் படத்தைப் போட்டுக் குறை பார்க்கும் கூட்டத்தில் வழக்கமாகப் பின்னால் இருப்பவர், அன்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். அடுத்த ஆட்டத்தில் 30 புள்ளி, 17 ரீபவுண்ட். கோப்பையும் வந்தது, இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வந்தது. அதே விருதை முதலில் வாங்கியது 1971இல். இடையில் 14 ஆண்டு! யோகாசனத்தை விடாமல் செய்து உடம்பை அப்படி வைத்திருந்தார். நம்மவர் சரக்கு, நம் பிள்ளைகள்தான் செய்வதில்லை.

1989இல் ஓய்வு பெற்றார். பிறகு அரிசோனாவில் அப்பாச்சி பழங்குடியினர் பகுதிப் பள்ளியொன்றில் ஒரு பருவம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆனால் என்பிஏ அணி எதுவும் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு இது இன்னும் விளங்கவில்லை. கொக்கி வீச்சு இன்று ஏன் அருகிவிட்டது என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கலாம்.

சரி, தம்பி, மைக்கன் பயிற்சி. வளையத்துக்கு நேர் கீழே நில். இடது காலை வைத்து, வலது கையால் கொக்கி போட்டு, வளையத்துக்குப் பின்னால் உள்ள பலகையில் வலது பக்கம் தட்டு. பந்து தரையில் விழுமுன் நெஞ்சுக்கு மேலேயே பிடி. உடனே வலது காலை வைத்து, இடது கையால் இடது பக்கம். இப்படி மாற்றி மாற்றி முப்பது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் ஐந்தாம் எண் சின்னப் பந்தும் 2.60 மீட்டர் வளையமும் போதும். பெரிய பந்தைக் கொடுத்தால் மணிக்கட்டு வேலை செய்யாது, பிள்ளை தோளால் தள்ளப் பழகிவிடும். பந்து தரையில் விழுந்தால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து. மழை வருகிற மாதிரி இருக்கிறது, சிமெண்ட் நனைவதற்குள் வெளியே போவோம். இடது கைப் பழக்கமுள்ளவர்கள் முதலில் வாருங்கள்.