காவலரின் நோய் விடுப்பு: எதை எண்ணுகிறோம்?

நேயர்களுக்கு வணக்கம்.

காவலர் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் அவருடைய இரவு ரோந்தை யார் பார்ப்பது? நோய் விடுப்பு விதிகள் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன. கோப்பு நாளைக்குக் காத்திருக்கும், ரோந்து காத்திருக்காது. இருவர் போகவேண்டிய வண்டியில் ஒருவர் மட்டும் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. ஆகவே கண்காணிப்பே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பணி நேரத்துக்கு முன்பே தகவல் சொல்லவேண்டும், குறித்த நாளுக்குள் மருத்துவச் சான்றிதழ் தரவேண்டும். இவற்றில் தளர்வு வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியதுதான்.

நான் குறை சொல்வது விடுப்பை எண்ணும் முறையைத்தான். பிராட்ஃபோர்டு காரணி என்றொரு கணக்கு பிரிட்டனில் பரவலாகப் புழங்குகிறது. ஓர் ஆண்டில் எத்தனை தடவை விடுப்பு எடுத்தார் என்ற எண்ணை அதனாலேயே பெருக்கி, அதை மொத்த விடுப்பு நாட்களால் மறுபடி பெருக்குவார்கள். ஒருவர் தொடர்ந்து 10 நாள் படுத்திருந்தால் மதிப்பெண் 10. இன்னொருவர் அதே 10 நாளை ஒவ்வொன்றாகப் பத்துத் தடவை எடுத்தால் 1000! திடீர் விடுப்பு பணிப்பட்டியலைக் குலைக்கிறது என்பது இதன் நியாயம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒற்றைத் தலைவலியும் ஆஸ்துமாவும் விட்டு விட்டுத்தான் வரும். விபத்தில் இறந்த குழந்தையின் உடலைத் தூக்கியவருக்குத் தூக்கம் கெடுவதும் அப்படித்தான். ஒரு நாள் எழ முடியாது, மறுநாள் சீருடையில் நிற்பார். பொய் சொல்லி விடுப்பு எடுப்பவருக்கும் அவருக்கும் அந்த 1000 ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறது.

மதிப்பெண்ணுக்கு அஞ்சியவர் நோயோடு பணிக்கு வருவார். மருந்து மயக்கத்தில் வண்டி ஓட்டுவார், இடுப்பில் துப்பாக்கியும் இருக்கும். பதிவேடு மட்டும் சுத்தமாக இருக்கும். இரவுப் பணியையும் மறக்க வேண்டாம். உடலின் இரவு பகல் ஒழுங்கைக் குலைக்கும் சுழற்சிப் பணியை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலேயே வைத்துவிட்டது. பணியே உடலைக் கெடுக்கும்போது விடுப்பை மட்டும் சந்தேகிப்பது என்ன நியாயம்?

பணியில் பட்ட காயத்துக்கான விடுப்பு இந்தக் கணக்கில் சேரவே கூடாது. மற்ற விடுப்புகளில், எண்ணிக்கை வரம்பைத் தாண்டியதும் முதலில் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். மருத்துவர் நோயின் பெயரை மேலதிகாரிக்குச் சொல்லவேண்டியதில்லை. எந்தப் பணி தரலாம், எது கூடாது, எத்தனை நாளுக்கு என்று எழுதினால் போதும்.

மனநலத்தில்தான் விதிகள் பெரிதும் தோற்கின்றன. மனச்சோர்வு என்று எழுதினால் ஆயுதத்தை வாங்கிவிடுவார்கள், பதவி உயர்வு போய்விடும் என்று பயந்து, வயிற்றுவலி என்று எழுதிக்கொடுப்பவர்கள் உண்டு. ஆயுதத்தைத் தற்காலிகமாக வாங்குவது தேவையாகலாம். ஆனால் அது தண்டனை இல்லை என்பதையும், மறுபரிசோதனை எந்தத் தேதியில் என்பதையும், தகுதி பெற்றால் அதே பணிக்குத் திரும்பலாம் என்பதையும் அந்த ஆணையிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தால்தான் அடுத்தவர் சான்றிதழில் உண்மையான காரணத்தை எழுதுவார்.

நன்றி, வணக்கம்.