பொட்டுகளை எண்ணினால் போதுமா? எம்.எஸ். நோயும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்

[திரையில்: மூளையின் எம்.ஆர்.ஐ. படம்]

வணக்கம். படத்தின் நடுவில் பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி கறுப்பாக இருக்கிறதே, அது மூளைக்குள் இருக்கும் நீர் அறை. அதன் ஓரமாக வெள்ளை வெள்ளையாக ஐந்து பொட்டுகள். இப்படி ஒரு ஸ்கேன் கைக்கு வந்தால் யாருமே முதலில் பொட்டுகளைத்தான் எண்ணுவோம். ஐந்து என்றால் பரவாயில்லை, இருபது என்றால் போச்சு என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்று பார்ப்போம்.

மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகின்றன. தாக்கிய இடம் தழும்பாகிவிடும்; ஸ்கேனில் வெள்ளைப் பொட்டாகத் தெரிவது அந்தத் தழும்புதான். ஒரு கண் மங்குவது, கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது எல்லாம் அதனால் வருபவை. பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ 1868இல் இந்த நோயை விவரித்த காலத்தில், தழும்பைக் கண்ணால் காண நோயாளி இறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

1981இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 10 நோயாளிகளை ஸ்கேன் செய்தார்கள். சி.டி. ஸ்கேனில் தெரிந்தவை 19 தழும்புகள். அதே பத்துப் பேரிடம் எம்.ஆர்.ஐ. கூடுதலாக 112 தழும்புகளைக் காட்டியது. அதன் பிறகு இந்த நோய்க்கு எம்.ஆர்.ஐ.யை விட்டால் வேறு வழியில்லை என்றாகிவிட்டது.

சரி, வெள்ளைப் பொட்டு என்றாலே எம்.எஸ்.தானா? இல்லவே இல்லை. மைக்ரேன் தலைவலி, ரத்த அழுத்தம், வெறும் வயது, எதனாலும் பொட்டு வரும். ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் படித்துவிட்டு இரவெல்லாம் கூகுளில் தேடுபவர்கள் இதை ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

[திரையில்: நீர் அறையை ஒட்டிய தழும்புகள், பக்கவாட்டுப் பார்வையில்]

மருத்துவர் முதலில் பார்ப்பது இடத்தையும் வடிவத்தையும். எம்.எஸ். தழும்புகள் முட்டை வடிவத்தில், நீர் அறையிலிருந்து விரல்கள் நீட்டியது போல நிற்கும். ‘டாசன் விரல்கள்’ என்றே பெயர். எடின்பரோவில் ஜேம்ஸ் டாசன் 1916இல் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதியவை இவை. தழும்பு ஒரு சிறிய ரத்தச் சிரையைச் சுற்றி வளர்வதால்தான் இந்த விரல் வடிவம். இன்றைய ஸ்கேனில் தழும்பின் நடுவே அந்தச் சிரையையே மெல்லிய கறுப்புக் கோடாகப் பார்த்துவிடலாம். 2024இல் திருத்திய நோயறியும் விதிகளில் இந்த அடையாளத்துக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

அடுத்தது காலம். ஒருமுறை வந்து போனதா, திரும்பத் திரும்ப வருகிறதா? முன்பெல்லாம் இரண்டாவது தாக்குதல் வரும்வரை உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். எம்.எஸ்.ஸை உறுதி செய்ய 2001இல் வந்த மெக்டொனால்ட் விதிகள் இதை மாற்றின. அறிகுறி வராவிட்டாலும், பிறகு எடுத்த ஸ்கேனில் புதிய தழும்பு தெரிந்தால் போதும். ஸ்கேனின்போது காடோலினியம் என்ற சாய ஊசி போட்டால் இன்னும் சுலபம். அண்மைச் சில வாரங்களில் உண்டான தழும்பு பளிச்சென்று ஒளிரும், பழையது ஒளிராது. புதுசும் பழசும் ஒரே படத்தில்!

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி. போகப் போக என்ன ஆகும்?

பாதிக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. முதல் தாக்குதல் வந்த 107 பேரை லண்டனில் சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஸ்கேனிலேயே தழும்பு இருந்தவர்களில் 82 சதவீதத்தினருக்கு எம்.எஸ். உறுதியானது. ஸ்கேன் சுத்தமாக இருந்தவர்களில் 21 சதவீதம்தான்.

ஆனால் நடக்க முடியுமா, வேலைக்குப் போக முடியுமா என்றால், எண்ணிக்கை கைவிட்டுவிடும். மூளை நிறையப் பொட்டோடு ஒருவர் மாடிப்படி ஏறிப் போவார். தண்டுவடத்தில் ஒரே ஒரு சின்னத் தழும்பு இன்னொருவரின் காலை முடக்கிவிடும். அதுபோக, மூளையின் மேற்பட்டையில் இருக்கும் தழும்புகளில் பெரும்பாலானவை வழக்கமான ஸ்கேனில் தெரிவதே இல்லை.

[திரையில்: ஓரத்தில் கறுப்பு வளையம் உள்ள தழும்பு]

சில பழைய தழும்புகள் ஆறியது போல இருக்கும், ஓரத்தில் மட்டும் இரும்பு ஏறிய அணுக்கள் வளையமாக உட்கார்ந்து வேலையைத் தொடரும். நீறு பூத்த நெருப்பு என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. இப்படி நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு இயலாமை இளம் வயதிலேயே வந்ததாக 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. பொட்டுகளை எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால், நான் இவற்றை எண்ணுவேன்.

மூளை சுருங்கும் வேகத்தையும் அளக்கிறார்கள். ஆனால் ஒரு தனி ஆளுக்கு அந்த எண்ணை நம்புவது கடினம். உடலில் நீர் குறைந்தாலே அளவு மாறிவிடும். வீக்கத்தைக் குறைக்கும் மருந்து தொடங்கினாலும் மூளை சுருங்கியது போலத் தெரியும்.

அதனால் பழைய ஸ்கேன் படங்கள் பதிவான சி.டி. தட்டைத் தூக்கிப்போடாதீர்கள். முடிந்தால் அடுத்த ஸ்கேனையும் அதே மெஷினில் எடுங்கள். மருந்து தொடங்கிய சில மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் ஒன்று, அப்புறம் ஓராண்டு கழித்து ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் நரம்பியல் மருத்துவர்.

[திரையில்: இரண்டு படங்கள், அருகருகே]

இடது பக்கம் ஐந்து. வலது பக்கம் அதே ஐந்து, கீழே சிறுமூளை ஓரத்தில் புதிதாக ஒன்று. மருந்தை மாற்றலாமா என்ற பேச்சு இந்த ஒன்றிலிருந்துதான் தொடங்கும்.