நாலு பேர், நாலு நாள், ஹாங்காங்

அவையோர்க்கு வணக்கம்.

ஹாங்காங்கில் என்ன பார்க்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாலு நண்பர்கள் சேர்ந்து நாலு நாள் போனால் பொழுது எங்கே வீணாகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. ரயில் நிலைய வாசலிலும், லிஃப்ட் வரிசையிலும், 'எங்கடா நிக்கிறே?' என்ற போன் பேச்சிலும்தான் பாதிப் பொழுது போகிறது. தனியாகப் போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

முதலில் பதிவு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் 14 நாள் வரை தங்க விசா தேவையில்லை. ஆனால் 2017 ஜனவரியிலிருந்து வருகைக்கு முன்பதிவு கட்டாயம். இணையத்திலேயே செய்யலாம், இலவசம். பணம் கேட்கிற தளம் அரசுத் தளம் அல்ல. பதிவு ஆறு மாதம் செல்லும். அந்தச் சீட்டை ஏ4 தாளில் அச்சிட்டுக் கையெழுத்திட்டு எடுத்துப்போக வேண்டும். நம்மவர்கள் இடறுவது பெயரில். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அப்பா பெயரை நாமாகக் கொண்டுபோய் அதில் போடுவோம். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அதையே போடுங்கள். ஒருவருக்குப் பதிவு கிடைக்காவிட்டால் அவர் முறைப்படி விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் நாலு பேருக்கும் சீட்டு வந்த பிறகே விமான டிக்கெட்.

விமான நிலையம் லாண்டாவ் தீவை ஒட்டி இருக்கிறது. விரைவு ரயிலில் 24 நிமிடத்தில் சென்ட்ரல் பகுதியிலுள்ள ஹாங்காங் நிலையம். துறைமுகத்துக்கு இக்கரையில், கவுலூன் பகுதியின் நாதன் ரோடு பக்கம் தங்குகிறவர்களுக்கு ஏ21 பஸ் மலிவு, நேரம் கூடுதல். டாக்ஸி என்றால் நகருக்குச் சிவப்பு வண்டி. பச்சை வண்டி வடக்கே உள்ள நியூ டெரிட்டரீஸுக்கு, நீலம் லாண்டாவுக்கு. பெட்டிக்குத் தனிக் கட்டணம், வழிச் சுங்கமும் நம் தலையில். நாலு பேரின் நாலு பெரிய பெட்டி ஒரே டிக்கிக்குள் போகாது. விடுதி அறையில் அவற்றை விரித்து வைக்கவும் இடமிருக்காது. இரண்டு பேருக்கு ஒரு பெட்டி போதும்.

அடுத்தது ஆக்டோபஸ் அட்டை. 1997-இல் வந்தது, ரயில், பஸ், படகு, டிராம், கடை எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. ஒரே அட்டையை நாலு பேர் மாற்றி மாற்றித் தட்டி எம்.டி.ஆர். ரயிலுக்குள் போக முடியாது. உள்ளே போன அட்டை வெளியே வந்தால்தான் அடுத்த பயணம். ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். பஸ்ஸில் சில்லறை தரமாட்டார்கள் என்பதால் அட்டை இல்லாதவர் பாடு திண்டாட்டம். ரொக்கமும் கொஞ்சம் வேண்டும். அங்கே மூன்று வங்கிகள் நோட்டு வெளியிடுகின்றன. ஒரே 100 டாலர் மூன்று வடிவில் வரும். கள்ள நோட்டோ என்று பதற வேண்டாம்.

சந்திக்கும் இடத்தைச் சொல்லும்போது நிலையத்தின் பெயர் மட்டும் போதாது, வாசல் எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாதன் ரோட்டின் தென்கோடியிலுள்ள சிம் ஷா சுய் நிலையம் பக்கத்து நிலையத்தோடு பூமிக்கடியில் இணைந்திருக்கிறது. வாசல்கள் ஆங்கில எழுத்து வரிசையில் ஏ-யில் தொடங்கி ஆர் வரை நீளும். தவறான வாசலில் ஏறினால் நண்பர் நிற்கும் தெருவுக்கு வர கால் மணி நேரம் ஆகலாம். மலிவு விடுதிகள் நிறைந்த சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடம் இதைவிட மோசம். 17 மாடி, ஏ முதல் இ வரை ஐந்து பிளாக். ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனியாக இரண்டு லிஃப்ட். ஒன்று ஒற்றைப்படை மாடிக்கு, மற்றது இரட்டைப்படை மாடிக்கு. பிளாக்கையும் மாடியையும் எழுதி வைக்காமல் வெளியே கிளம்பாதீர்கள். சோறும் சப்பாத்தியும் தேடுகிறவர்களுக்கு அந்தக் கட்டடம்தான் கதி.

சைவர்களுக்கு இன்னொரு சொல். கீரை வதக்கல் என்று வாங்கினால் அதில் சிப்பிச் சாறு ஊற்றியிருக்கும். நூடுல்ஸ் குழம்பு எலும்புச் சாறாக இருக்கும். பேஸ்ட்ரி மாவில் பன்றிக் கொழுப்பு சேரும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சித் துண்டைத்தான் எடுப்பார்கள். பௌத்த சைவ உணவகங்களில் இந்தக் கவலை இல்லை.

ஊர் சுற்ற நல்ல வழிகள் மலிவானவையே. சிம் ஷா சுய்யிலிருந்து அக்கரையிலுள்ள சென்ட்ரலுக்கு ஸ்டார் ஃபெர்ரி படகு. கீழ்த்தளத்தில் கட்டணம் இன்னும் குறைவு. அக்கரையில் 1904 முதல் ஓடும் டிராம். பின்பக்கம் ஏறி, இறங்கும்போது முன்பக்கம் காசு கொடுக்க வேண்டும். பஸ்ஸிலோ ஏறும்போதே. மிட்-லெவல்ஸ் மலைச்சரிவில் 1993-இல் போட்ட நகரும் படிக்கட்டு காலை 6 முதல் 10 வரை கீழ்நோக்கி ஓடும், வேலைக்கு இறங்குகிறவர்களுக்காக. பத்துக்குமேல் நள்ளிரவு வரை மேல்நோக்கி. ஆகவே பத்து மணிக்குப் பிறகு போங்கள்; ஏறிவிட்டு, ஹாலிவுட் ரோடு வழியே நடந்து இறங்குவது சுகம்.

விக்டோரியா சிகரத்துக்குப் போக 1888-இல் வந்த பீக் டிராம் என்ற மலை ரயிலை எல்லோரும் மொய்ப்பார்கள். சனி, ஞாயிறு மாலையில் அந்த வரிசையில் நிற்பது வீண் வேலை. சென்ட்ரலிலிருந்து 15-ஆம் எண் பஸ் வளைந்து வளைந்து அதே இடத்துக்குப் போகிறது. காட்சி பார்க்கக் கட்டண மாடியும் தேவையில்லை. லூகார்ட் ரோட்டில் சிறிது தூரம் நடந்தால் துறைமுகம் முழுவதும் காலடியில் தெரியும். பாதை ஏறக்குறைய சமதளம். நாலு பேரில் ஒருவருக்கு முழங்கால் வலி இருந்தாலும் போகலாம். அவர் லாண்டாவ் தீவின் பெரிய புத்தரிடம் 268 படி ஏறுவது யோசிக்க வேண்டிய விஷயம்.

அந்தப் புத்தரிடம் போகும் கேபிள் கார் 5.7 கிலோமீட்டர், சுமார் 25 நிமிடம். பலத்த காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் கடைசி நாளில் வைக்காதீர்கள். இரண்டாம் நாளில் வைத்தால் தவறினாலும் மறுநாள் இருக்கிறது. மே முதல் நவம்பர் வரை புயல் காலம். எச்சரிக்கை எண் 1, 3-க்கு ஊர் அசையாது. எட்டு ஏற்றினால் கடைகள் அடைபடும், பஸ்ஸும் படகும் ஒவ்வொன்றாக நிற்கும். ஏற்றுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் வானிலை மையம் முன்னறிவிப்பு விடும். அதைக் கேட்டதும் நாலு பேரும் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும். வழியில் தண்ணீரும் பிஸ்கட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.