மண்ணைத் தொட்டுப் போகட்டும் மழைநீர்

எல்லோருக்கும் வணக்கம்.

மழை பிடித்த பத்தாவது நிமிடம் ஒரு தார்ச்சாலையின் ஓரத்தில் போய் நின்று பாருங்கள். ஓடுகிற தண்ணீர் கறுத்து நுரைத்திருக்கும். மேலே வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். நாள்கணக்கில் சாலையில் படிந்ததெல்லாம் முதல் மழையில் கழுவிக்கொண்டு வடிகாலுக்குள் இறங்குகிறது. அந்தத் தண்ணீர் எங்கோ சுத்திகரிப்புக்குப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். தனி மழைநீர் வடிகால் இருக்கும் ஊர்களில் அது பெரும்பாலும் நேரே ஆற்றுக்கோ ஏரிக்கோதான் போகிறது.

போனால் என்ன ஆகும்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் முட்டையிட ஓடைக்கு வரும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்ததும் முட்டையிடாமலேயே செத்துப்போயின. பல ஆண்டுகள் தேடி, 2020-இல்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள், ஓசோனோடு சேர்ந்து நஞ்சாக மாறுகிறது. டயர் தேயத் தேயச் சாலையில் உதிர்ந்து, மழையோடு ஓடைக்கு வருகிறது. இதற்கு எந்த ஆலையின் குழாயையும் கை காட்ட முடியாது. வண்டி ஓட்டிய எல்லோருக்கும் பங்கு உண்டு.

இதில் எனக்கு நம்பிக்கை தந்த செய்தி ஒன்று இருக்கிறது. அதே சாலைத் தண்ணீரை மணலும் மட்கு உரமும் கலந்த மண்ணில் வடியவிட்டு, வடிந்து வந்த நீரில் மீனை விட்டார்கள். மீன் பிழைத்துக்கொண்டது!

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். ஒரு ஏக்கரை முழுக்கக் கான்கிரீட்டால் மூடினால், 50 மில்லிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வழிந்தோடும். மூடாமல் விட்டிருந்தால் அதில் நல்ல பங்கை நிலமே குடித்திருக்கும். அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். கட்டடம் கட்டுகிறவர் தன் மனையில் விழுவதில் ஒரு பங்கையாவது அங்கேயே பிடித்துவைத்து, மெல்ல விட வேண்டும். தோண்டிய மண் தெருவுக்கு வரக்கூடாது. அமெரிக்காவில் நீர்த் தூய்மைச் சட்டம் வந்தது 1972-இல். நகர மழைநீர் வடிகாலையும் அதன் அனுமதி முறைக்குள் தெளிவாகக் கொண்டுவர 1987 வரை ஆனது. அப்புறம் பராமரிப்பு. மழைநீர் மண்ணுக்குள் இறங்க வெட்டும் ஊறுகுழி தூர்ந்துபோனால், அது காகிதத்தில் மட்டும்தான் ஊறுகுழி. கட்டி முடித்த பிறகும் ஆண்டுதோறும் போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

இத்தனையும் தாண்டி வரும் நீரைச் சதுப்பு நிலம் வாங்கிக்கொள்கிறது. கோரையும் நாணலும் வேகத்தைத் தணிக்க, வண்டல் அடியில் படிகிறது. காற்றுப் புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கே அனுப்பிவிடுகின்றன. சதுப்பை மீட்கிறோம் என்று முதலில் செடி நடுகிறார்கள், நடைபாதை போடுகிறார்கள். முதலில் தண்ணீர் வரும் வழியைத் திறந்துவிடுங்கள். ஈரம் நின்றால் செடி தானே வரும்.

புளோரிடாவின் கிசிமி ஆறு 166 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடியது. வெள்ளத்துக்குப் பயந்து, 1962 முதல் 1971 வரை அதை 90 கிலோமீட்டர் நேர்க்கால்வாயாக வெட்டினார்கள். கரையோரச் சதுப்பு காய்ந்தது, பறவைகள் போயின. பிறகு கால்வாயின் ஒரு பகுதியை மண் போட்டு மூடும் வேலை 1999-இல் தொடங்கி 2021-இல்தான் முடிந்தது. மூடிய இடங்களில் தண்ணீர் பழைய வளைவுகளுக்கே திரும்பியது. கொக்கும் நாரையும் வாத்தும் வந்துவிட்டன.