வண்டு தின்னாத மூட்டை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். முழு உளுந்தோ தட்டைப்பயறோ டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வைத்திருப்பீர்கள். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் பயறெல்லாம் ஓட்டை, அடியில் மாவு, நடுவே பழுப்பு நிற வண்டுகள். மூடிதான் இறுக்கமாக இருந்ததே, எப்படி நுழைந்தது?

அது வெளியிலிருந்து நுழையவே இல்லை. வயலில் காய் முற்றும்போதே பயறு வண்டு வந்து முட்டையிட்டுவிடுகிறது. புழு பயறுக்குள் துளைத்துக்கொண்டு போய், உள்ளேயே தின்று வளர்கிறது. நாம் அடித்துப் புடைத்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது அதுவும் கூடவே வருகிறது. மூன்று நான்கு வாரத்தில் வண்டாக வெளியே வந்து, பக்கத்துப் பயறின் மேல் முட்டை வைக்கிறது. பயறின் தோலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அவை அந்த முட்டைகள்தான். ஒரு பெண் வண்டு 80 முட்டை இடுகிறது, அதில் பாதி பெண் என்று வையுங்கள். இரண்டாம் தலைமுறையில் 3,000 முட்டையைத் தாண்டிவிடும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது, மூன்றாம் மாதம் மூட்டையே போய்விடும்.

உலகப் பசியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இவர் வண்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று தோன்றலாம். 2024-ல் உலகில் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்பது ஐ.நா. அமைப்புகளின் கணிப்பு. இதற்கு வழி என்றதும் புது விதை, கூடுதல் உரம், கூடுதல் விளைச்சல் என்றே பேச்சு போகிறது. விளைந்ததைக் காப்பாற்றுவது பற்றிப் பேச ஆளில்லை. அறுவடைக்கும் சில்லறைக் கடைக்கும் நடுவிலேயே சுமார் 14 சதவீத உணவு போய்விடுகிறது என்று உணவு வேளாண்மை நிறுவனம் 2019-ல் சொன்னது. போர், வறட்சி, கடன் இவற்றையெல்லாம் ஒரு சாக்குப்பை தீர்த்துவிடாது. ஆனாலும் ஒரு சாக்குப்பையால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவில் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே நைஜர், புர்கினா பாசோ, வட நைஜீரியா, வட கேமரூன் பக்கம் ஏழைகளின் புரதம் தட்டைப்பயறுதான். நம்மூர்க் காராமணியேதான். வண்டுக்குப் பயந்து உழவர்கள் அறுவடை முடிந்ததும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அடுத்த மழைக்காலத்தில், புதுப்பயிர் வருமுன், அதே பயறை ஏறிய விலைக்கு வாங்கிச் சாப்பிடுவார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் லாரி மர்டாக்கும் கேமரூன் நாட்டு ஆய்வாளர்களும் 1980-களின் இறுதியிலிருந்து இதற்கு மருந்தில்லாத வழி தேடினார்கள். அதில் பிறந்ததுதான் மூன்றடுக்குப் பை. உள்ளே தடித்த பாலித்தீன் பை இரண்டு, வெளியே சாதாரண உரச்சாக்கு மாதிரி நெய்த பை. அவ்வளவுதான்.

இது வேலை செய்கிற விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பைக்குள் இருக்கிற ஆக்சிஜனை வண்டும் புழுவுமே மூச்சுவிட்டுத் தீர்த்துவிடுகின்றன. காய்ந்த பயறில் குடிக்கத் தண்ணீர் ஏது? தின்ற மாவை உடம்புக்குள் ஆக்சிஜனோடு எரித்துத்தான் புழு தனக்கான தண்ணீரைச் செய்துகொள்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் தீனியும் நின்றுபோகும், தண்ணீரும் நின்றுபோகும். மூச்சுமுட்டுவதோடு தாகத்தாலும் சாகிறது.

2007-ல் இதைப் பெரிய அளவில் கொண்டுபோனபோது கூட்டம் போட்டுச் சொற்பொழிவு ஆற்றவில்லை. ஊர்ப் பயறையே ஊரார் முன்னால் பையில் கட்டி, ஊரிலேயே வைத்தார்கள். சில மாதம் கழித்து ஊரைக் கூட்டி, எல்லோர் கண்முன்னும் அவிழ்த்தார்கள். பயறு கட்டினபடியே இருந்தது. அதற்குமேல் விளம்பரம் எதற்கு?

இனி செய்முறை, கவனமாகக் கேளுங்கள். முதல் விஷயம், தானியம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு கட்டினால் வண்டு சாகும், ஆனால் பூஞ்சணம் வரும். மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் அந்தப் பூஞ்சணம் நஞ்சையே உண்டாக்கும். மக்காச்சோளம் என்றால் ஈரம் 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கடலை 8-க்குள். கருவி இல்லையா? காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம், அதோடு வெயிலில் காய வைத்த பொடியுப்பு இரண்டு கரண்டி. ஒரு நிமிடம் குலுக்கி, கால்மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல், கட்டவே கூடாது. ஒட்டாவிட்டாலும் 13-க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. இன்னும் ஒரு வெயில் காட்டுங்கள், வெயிலில் எடுத்ததை ஆறவிட்டுக் கட்டுங்கள்.

பாலித்தீன் பையில் காற்றை அடைத்து அமுக்கிப் பாருங்கள். எங்காவது புஸ்ஸென்றால் ஒதுக்கிவிடுங்கள். தானியத்தைக் கொட்டக் கொட்டக் குலுக்கி இறக்குங்கள். மேலே ஒரு சாண் விட்டு, காற்றைப் பிழிந்து, வாயை முறுக்கி, மடித்து, கயிற்றால் கட்டுங்கள். இரண்டாவது பைக்கும் தனிக்கட்டு, சாக்குக்கும் தனிக்கட்டு. மூன்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டுகிறவர்கள்தான் பிறகு பை சரியில்லை என்கிறார்கள். சுவரில் சாய்க்காமல், பலகை மேல் வையுங்கள். எலி ஒரு ஓட்டை போட்டால் எல்லாம் வீண். இரண்டு மூன்று மாதம் திறக்காதீர்கள். கைப்பிடி எடுக்கத் திறந்தாலும் புதுக்காற்று உள்ளே போகும், வண்டுக்கு உயிர் வரும். அடிக்கடி எடுக்க வேண்டியதைத் தனியாக வையுங்கள். திரும்பச் சொல்கிறேன்: நன்றாகக் காய வேண்டும், காற்று புகக் கூடாது, இடையில் திறக்கக் கூடாது.

அரை ஏக்கர்க்காரருக்குப் பை கூட வேண்டாம். காலியான குளிர்பான பாட்டிலை உள்ளே ஈரமில்லாமல் காயவைத்து, விதைப்பயறைக் கழுத்துவரை தட்டித் தட்டி நிரப்பி மூடுங்கள். அதே தத்துவம்தான். பாதி பாட்டில் நிரப்பினால் மீதிப் பாதியில் காற்று இருக்கும், பலன் இல்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள். கிடங்கு ரசீதை வைத்துக் கடன் வாங்குவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக, பதிவு பெற்ற கிடங்கில் தானியத்தை வைத்தால், அந்த ரசீதின் மேல் வங்கியில் கடன் கேட்கலாம், விலை இல்லாத நாளில் விற்க வேண்டியதில்லை. இன்னொன்றைச் சொல்லாமல் எழ மாட்டேன். வண்டுக்கு என்று அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் மூட்டையில் போடாதீர்கள். அதிலிருந்து வரும் வாயு படுத்திருப்பவரின் உயிரை எடுத்துவிடும். அது பயிற்சி பெற்றவர்கள் கிடங்கில் கையாள வேண்டிய சரக்கு. வணக்கம்.