53 நிமிடமா, 80 வினாடியா? கடைமடைப் பள்ளிகளின் இணையக் கணக்கு

[திரையில்: 53 நிமிடம் | 80 வினாடி]

வணக்கம். இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 10 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைய இணைப்பு, நாற்பது மாணவர்கள், 100 எம்பி அளவுள்ள ஒரே பாடக் காணொளி. முதல் பள்ளியில் நாற்பது பேருக்கும் அந்தக் காணொளி வந்து சேர 53 நிமிடம் ஆகிறது. ஒரு பாடவேளையே முடிந்துவிடுகிறது. இரண்டாவது பள்ளிக்கு அது 80 வினாடியில் வந்துவிடுகிறது. இருவரும் கட்டும் மாதக் கட்டணம் ஒன்றுதான். இது எப்படி முடிகிறது என்பதை இந்தக் காணொளியின் பிற்பகுதியில் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒரு வளரும் நாட்டின் தொடக்கநிலை இணையக் கட்டணம் அந்நாட்டுத் தனிநபர் சராசரி மாத வருமானத்தில் 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று ஐ.நா.வின் அகன்ற அலைவரிசை ஆணையம் 2018இல் இலக்கு வைத்தது. உலகிலுள்ள ஒவ்வொரு பள்ளியையும் 2030க்குள் இணையத்தில் இணைப்பதற்காக, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் யுனிசெஃபும் சேர்ந்து 2019இல் ‘கிகா’ திட்டத்தைத் தொடங்கின. இந்தியாவில், பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்குமான தேசிய அறிவு வலையமைப்புக்கு 2010இலும், ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை கேபிள் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு 2011இலும் ஒப்புதல் கிடைத்தது. இரண்டாவது திட்டத்தைத்தான் இன்று பாரத்நெட் என்கிறோம்.

[திரையில்: கல்லணை, மதகுகள் திறக்கப்படும் காட்சி]

இத்தனை திட்டங்கள் இருந்தும் ஒரு கிராமப் பள்ளியில் வகுப்பு நேரத்தில் காணொளி ஏன் ஓடுவதில்லை என்ற கேள்விக்கு, காவிரி டெல்டாக்காரர்களுக்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும் தண்ணீர், கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் பிரிந்து, கிளையாறுகளில் இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாகக் கடந்து, கடைசியாகத்தான் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையை எட்டுகிறது. அணை நிறைந்திருந்த ஆண்டிலும் கடைமடை வயல் வெடித்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அப்போது குறை அணையில் இருப்பதில்லை. தூர்வாராத வாய்க்காலிலும் பழுதான மதகிலும், யார் எப்போது எவ்வளவு எடுப்பது என்ற முறை இல்லாமல் போனதிலும் இருக்கிறது. இணையமும் இப்படியேதான் பாய்கிறது. சிங்கப்பூரிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரும் கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறுகின்றன. அங்கிருந்து பெருங்கேபிள்கள் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் வருகின்றன. பாரத்நெட் கேபிள் ஊராட்சி அலுவலகத்தை நோக்கிப் போகிறது. ஆனால் ஊராட்சி அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டரை இழுத்து முடிப்பது யார், அறுந்தால் ஒட்டுவது யார், மாதக் கட்டணம் கட்டுவது யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாத ஊரில், வாசல்வரை வந்த இணையம் வகுப்பறைக்குள் நுழைவதில்லை.

பாசனத்தில் கடைமடை விவசாயி தனியாகப் போராடி முறைநீர் வாங்கிவிட முடியாது. ஊர் சேர்ந்துதான் வாங்க வேண்டும். இதைத்தான் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் செய்தன. 2009 ஜூலையில் சீகாம் என்னும் கடலடிக் கேபிள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையைத் தொடும்வரை, அவை பெரும்பாலும் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களையே நம்பியிருந்தன. ஒரு கேள்வி அங்கே போய் விடை திரும்புவதற்கே ஏறத்தாழ அரை வினாடி ஆகும். ஒரு எம்பிபிஎஸ் வேகத்துக்கு மாதம் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கப்பட்டது. கேபிள் மொம்பாசாவில் கரையேறினாலும், கடற்கரையே இல்லாத மலாவியின் வகுப்பறைக்கு அது தானாக வந்துவிடாது. இதை உணர்ந்த கென்யா, மலாவி, மொசாம்பிக், ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் கல்வி வலையமைப்புகள், கேபிள் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 2005இல், உபுண்டுநெட் என்ற கூட்டமைப்பாக ஒன்றுசேர்ந்தன. கேபிள் நிறுவனத்துக்குப் பெருஞ்செலவு கேபிளைப் போடுவதில்தான் இருக்கிறது. போட்ட கேபிளில் கூடுதல் வேகத்தை அனுப்புவதற்கு ஆகும் செலவு சிறிது. ஆகவே 100 பள்ளிகள் தனித்தனியாக 10 எம்பிபிஎஸ் வாங்குவதைவிட, சேர்ந்து ஒரு ஜிபிபிஎஸ், அதாவது 1,000 எம்பிபிஎஸ் வாங்கிப் பகிர்ந்துகொள்வது மிகவும் மலிவாக முடியும்.

ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாக இணைப்பு வாங்கும் முறையைக் கைவிட்டு, ஊராட்சி ஒன்றியம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதில் பக்கத்து அரசுக் கலைக்கல்லூரியும் சேர வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வந்த பெருங்கேபிள் அதன் மதில் சுவரோடு நின்றுவிடாமல் சுற்றியுள்ள பள்ளிகளுக்கும் கிளைவிட வேண்டும்.

[திரையில்: தென்னந்தோப்புக்கு மேலே ஒரு வயர்லெஸ் கோபுரம்]

டெல்டாவின் நிலம் தட்டையானது. மலை மறைக்காது என்பதால், இரண்டு உயரமான கம்பங்களில் எதிரெதிராக ஆண்டெனா வைத்துப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு இணையத்தைக் கடத்தலாம். ஆனால் மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை இருக்கிறது. இந்த இணைப்புகளில் பெரிதும் பயன்படும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை, குறிப்பாக மழையில் நனைந்த மட்டைகளை ஊடுருவிப் போகாது. கம்பம் தென்னையைவிட உயரமாக இருந்தே தீரவேண்டும். மண்ணுக்குள் கேபிள் புதைக்கலாம் என்றால் அடிக்கொரு வாய்க்காலைக் கடக்க வேண்டியிருக்கிறது. மின்கம்பத்தில் கட்டுவது மலிவு, விரைவு. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்ததை யாரும் மறக்கவில்லை. கம்பத்தில் போகும் கேபிளும் மாற்றுவழியாக ஒரு வயர்லெஸ் இணைப்பும் சேர்ந்திருப்பதே கடலோரப் பள்ளிக்குப் பொருத்தம்.

இப்போது 53 நிமிடக் கணக்குக்கு வருவோம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால், 100 எம்பி (மெகாபைட்) என்பது 800 மெகாபிட். நாற்பது மாணவர்களும் தனித்தனியாக இறக்கினால் மொத்தம் 32,000 மெகாபிட். 10 எம்பிபிஎஸ் வேகத்தில் 3,200 வினாடி, அதாவது 53 நிமிடம். இரண்டாவது பள்ளி ஒரு சிறிய கணினியைச் சர்வராக, அதாவது பாடங்களைச் சேமித்து மற்றக் கருவிகளுக்குத் தரும் கணினியாக வைத்திருக்கிறது. பாடம் ஒரே ஒருமுறை, 800 மெகாபிட்டாக, 80 வினாடியில் அதற்குள் இறங்குகிறது. நாற்பது பேரும் பள்ளிக்குள்ளேயே உள்ள வலையமைப்பில் அதைப் பார்க்கிறார்கள். வெளி இணைப்பில் அதன்பிறகு சுமையே இல்லை. முந்தைய நாள் இரவே இறக்கிவைத்தால் அந்த 80 வினாடியும் மிச்சம். இன்றைய இணையப் பக்கங்கள் பெரும்பாலும் இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டவை என்பதால் பழையபடி எல்லாவற்றையும் தானாகச் சேமித்துவைக்க முடியாது. வேண்டிய பாடங்களை ஆசிரியரே தேர்ந்து வைக்க வேண்டும். அதற்கென்றே கோலிப்ரி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இணையமே இல்லாத பள்ளியிலும் அது இயங்கும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த தீர்வு இதுதான், ஏனென்றால் இதற்கு எந்தப் பெரிய ஒப்புதலுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் ஆசிரியராகவோ பெற்றோராகவோ இருந்தால், உங்கள் பள்ளியின் இணைய வேகத்தைக் காலை பதினொரு மணிக்கு, எல்லா வகுப்புகளும் நடக்கும்போது அளந்துபாருங்கள். விடுமுறை நாளில் அளந்தால் உண்மை தெரியாது. அந்த எண்ணையும், ஊராட்சி அலுவலகத்திலிருந்து பள்ளி எவ்வளவு தூரம் என்பதையும், கேபிள் அறுந்தால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள் என்பதையும் ஒன்றியத்தின் பெயரோடு கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அவற்றை ஒன்றிய வாரியாகத் தொகுத்து ஒரு வரைபடமாக அடுத்த காணொளியில் வெளியிடுகிறேன்.