டார்ச் அடிக்கிறதுக்கு நீங்க எங்க நிக்கிறீங்கன்னு எதுக்குத் தெரியணும்?

கரண்ட் போயிடுச்சு. போனை எடுத்து டார்ச் ஆப்பைத் தட்டுறீங்க. வெளிச்சம் வருது. கூடவே, நீங்க எங்க நிக்கிறீங்கங்கிற தகவலும் போனோட அடையாள எண்ணும் விளம்பரக் கம்பெனிகளுக்குக் கிளம்பிப் போயிடுது. கதை விடலைங்க. ‘பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்’னு ஒரு ஆப். கோடிக்கணக்குல டவுன்லோடு ஆனது. 2013-ல அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன், அதாவது வாடிக்கையாளரை ஏமாத்துற கம்பெனிகளைக் கேள்வி கேட்கிற அரசு அமைப்பு, அதைப் பிடிச்சாங்க.

இதுல நான் ரசிச்ச இடம் எது தெரியுமா? ‘சம்மதமா, இல்லையா’ன்னு பட்டன் காட்டுவாங்க. நீங்க அதை அமுக்குறதுக்கு முன்னாடியே தகவல் போக ஆரம்பிச்சிருக்கு! சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து “எடுத்துக்கட்டுமா?”ன்னு கேட்ட மாதிரி.

இப்படிக் கிடைக்கிறதை எல்லாம் சேர்த்து விக்கிறவங்கதான் டேட்டா புரோக்கர். தொழில் புதுசில்ல, ஆக்ஸியம் கம்பெனி ஆரம்பிச்சதே 1969-ல. வரலாறு போதும், வாங்க.

2014-ல அதே கமிஷன் ஒன்பது புரோக்கர்களைத் துருவி ஒரு அறிக்கை போட்டாங்க. அதுல ஒரு கம்பெனிகிட்ட மட்டும், கிட்டத்தட்ட ஒவ்வொரு அமெரிக்கரைப் பத்தியும் 3000 வகைக் குறிப்பு. என்னைப் பத்தி எங்கம்மாவுக்கே அவ்வளவு தெரியாது! அதைவிட அருமை, ஆளுங்களைப் பிரிச்சுப் போட்டிருந்த டப்பாக்களோட பேரு. ‘ரூரல் எவர்லாஸ்டிங்’. கேட்டா சாகாவரம் வாங்கின கிராமம் மாதிரி இருக்குல்ல? உள்ள யாருன்னா, 66 வயசு தாண்டி, தனியா, படிப்பும் சொத்தும் கம்மியா இருக்கிறவங்க. வயசாகி வருமானமும் கம்மின்னா ‘த்ரிஃப்டி எல்டர்ஸ்’, அதாவது சிக்கனப் பெரியவங்க. காசு இல்லாததுக்குச் சிக்கனம்னு பேரு வெச்சான் பாருங்க, அவன் நிச்சயம் சம்பளம் நல்லா வாங்குறவன்.

இன்னொண்ணு ‘டயபடீஸ் இன்ட்ரஸ்ட்’. சக்கரை வியாதியில ஆர்வமாம்! யாருக்குய்யா அதுல ஆர்வம்? ஆனா விஷயம் சிரிப்பில்ல. சக்கரை இல்லாத பிஸ்கட் விக்கிறவர் இந்த லிஸ்டை வாங்கினா உங்களுக்கு ஒரு கூப்பன் வரும். அதே லிஸ்டு இன்ஷூரன்ஸ்காரர் கைக்குப் போனா? நீங்க ரிஸ்க்கான ஆசாமி. லிஸ்டு ஒண்ணுதான், வாங்குற ஆளுதான் வேற.

“பேரை நீக்கிட்டுத்தான் விக்கிறோம்”பாங்க இந்த புரோக்கருங்க. 2013-ல 15 லட்சம் பேரோட மொபைல் நடமாட்டத்தை வெச்சு ஒரு ஆராய்ச்சி வந்தது. எந்த நேரத்துல எங்க இருந்தாங்கன்னு நாலே நாலு புள்ளி கிடைச்சாப் போதும், 95 சதவீதம் பேரைத் தனியாப் பிரிச்சுடலாம். அந்தப் போன் ராத்திரி எந்த வீட்ல தூங்குது, பகல்ல எந்த ஆபீஸ்ல உக்காருதுன்னு தெரிஞ்சா பேரு எதுக்குங்க?

அழிக்கச் சொல்ல முடியுமா? கலிஃபோர்னியாவுல 2023-ல டிலீட் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. ஒரே விண்ணப்பம், பதிவான புரோக்கர் எல்லாருக்கும் சேரும். ஒரே காமெடி, உங்க தகவலைத் தேடிக் கண்டுபிடிச்சு அழிக்கணும்னா நீங்க யாருன்னு முதல்ல நீங்க சொல்லணும்.

இப்ப உங்க போன்ல லொகேஷன் அனுமதி லிஸ்டைத் திறங்க. இருக்கிறதுலயே அநியாயமான ஆப் எதுன்னு கமெண்ட்ல போடுங்க. என் போன்ல ஒரு கால்குலேட்டர் மாட்டுச்சு.